ஊசிகளா வேர்ப்பட்டை எக்ஸ்ட்ராக்ட்: டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழியிலும் ஜோன் வருகிறது, ஏன்?

தொட்டபெட்டா_மைக்ரோ (கேள்வி)

வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்ட், ஊட்டியில் செய்கிறேன். செடி ஊசிகளா, அதாவது பெர்பெரிஸ் டிங்டோரியா. வேர்ப்பட்டையை நிழலில் உலர்த்தி அரைத்த தூள் 50 கிராம், மெத்தனால் 500 மி.லி., ஷேக்கரில் 72 மணி நேரம். வாட்மேன் 1 தாளில் வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரியில் வற்ற வைத்தேன். கிடைத்த பிசினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மி.லி.க்கு 100 மி.கி. கரைத்து, முல்லர் ஹிண்டன் அகரில் (கிருமி வளர்க்கும் கூழ்) 6 மி.மீ. குழி போட்டு, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டேன்.

டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழியைச் சுற்றியும் 9 மி.மீ. ஜோன் (கிருமி வளராத வட்டம்) வருகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு ஒரே நாளில் போட்ட மூன்று பிளேட்டில் 14, 19, 22 மி.மீ. என்று மூன்று விதமாக இருக்கிறது. ஈ. கோலை, சூடோமோனாஸ் இரண்டிலும் ஒன்றுமே இல்லை. இது போதாதென்று, கிருமி போடாமல் வைத்த பிளேட்டிலும் இரண்டு நாளில் வெள்ளையாகப் படரும் காலனி வந்துவிடுகிறது. மீடியாவை, அதாவது அந்த அகரை, 15 பவுண்டில் 15 நிமிடம் ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்கிறேன்.

பக்கத்தில் வைத்த ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்) டிஸ்க் 24 மி.மீ. காட்டுகிறது. என் எக்ஸ்ட்ராக்ட் 22 காட்டுவதால் "ஜென்டாமைசினுக்கு ஏறக்குறைய இணை" என்று எழுதலாமா?

குன்னூர்க்காரன்

கடைசிப் பிரச்சினையை முதலில் பார்ப்போம். மீடியா சுத்தமாக இல்லையென்றால் மற்ற எண்களைப் பேசிப் பயனில்லை.

புத்தகத்தில் இருக்கும் "15 பவுண்டு, 15 நிமிடம்" கடல் மட்டத்து ஊருக்கான கணக்கு. ஊட்டி 2240 மீட்டர். இங்கே காற்றழுத்தமே சதுர அங்குலத்துக்கு 11 பவுண்டு சொச்சம்தான், கீழே 14.7. ஆட்டோக்ளேவ் முள் வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் காட்டும். அதனால் இங்கே முள் 15-ல் நின்றாலும் உள்ளே ஏறக்குறைய 117 டிகிரிதான் இருக்கும், 121 இருக்காது. பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர் (வெப்பம் தாங்கும் வித்து) சில அதில் 15 நிமிடத்தில் சாகாமல் தப்பலாம். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் படர்ச்சி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கிராம் ஸ்டெயின் என்ற நிறமேற்றம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும்.

121 டிகிரி வேண்டுமென்றால் முள் 18.5 முதல் 19 வரை போக வேண்டும். உங்கள் கருவி அந்த அழுத்தத்துக்குத் தயாரிக்கப்பட்டதா என்று அதன் தகட்டில் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பிரஷர் குக்கர் வகை என்றால் வெயிட்டைத் தொடவே வேண்டாம், 15 பவுண்டிலேயே 40 நிமிடம் வையுங்கள். 10 டிகிரி குறைந்தால் நேரம் பத்து மடங்கு என்பது பொதுக் கணக்கு. 4 டிகிரி குறைவுக்கு இரண்டரை மடங்கு வரும். மூடியதும் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி, ஆவி சீராக வரும்வரை வால்வை மூடாதீர்கள். கோடு போட்ட டேப் கறுத்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள், ஸ்போர் செத்ததற்கு அது சாட்சி இல்லை.

அடுத்து 14, 19, 22. நம் மலைக் குளிரும் இதில் ஒரு காரணம். காலையில் லேப் 14, 15 டிகிரி இருக்கும். குழியில் எக்ஸ்ட்ராக்டை விட்டுவிட்டு பிளேட்டை மேசையிலேயே அரைமணி நேரம் வைத்தால், கிருமி வளராமல் முடங்கிக் கிடக்கும், எக்ஸ்ட்ராக்ட் மட்டும் அகரில் ஊறிப் பரவும். அந்த பிளேட்டில் ஜோன் பெரிதாகும். முதலில் போட்ட பிளேட் அதிக நேரம் காத்திருக்கிறது, கடைசி பிளேட் உடனே இன்குபேட்டருக்குப் போகிறது, வித்தியாசம் அங்கேயே வந்துவிடும். எல்லாவற்றையும் 15 நிமிடத்துக்குள் 35 டிகிரிக்குள் வையுங்கள். ஐந்துக்கு மேல் அடுக்க வேண்டாம், நடு பிளேட் சூடேறத் தாமதமாகும்.

அகர் கனம் 4 மி.மீ. இருக்க வேண்டும். 90 மி.மீ. பிளேட்டுக்கு 25 மி.லி. அளந்து ஊற்றுங்கள், கண் மதிப்பு வேண்டாம். குளிர்ந்த அறையில் ஊற்றும்போதே கட்டி தட்டும் என்பதால், மீடியாவை 48 டிகிரி வாட்டர்பாத்தில் வைத்து, சமமான மேசையில் ஊற்றவும். மூடியில் வியர்த்திருந்தால் பிளேட்டை 37 டிகிரியில் மூடியைச் சற்றுத் திறந்து 15 நிமிடம் உலர்த்திய பிறகே ஸ்வாப் செய்யுங்கள் (பஞ்சுக் குச்சியால் கிருமியைத் தடவுங்கள்).

கிருமியின் அளவை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுதவில்லை. 0.5 மெக்ஃபார்லேண்ட் (கிருமிக் கலவையின் அடர்த்தியை ஒப்பிடும் அளவுகோல்) இல்லாமல் ஜோனை அளப்பது வீண். 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மி.லி., 1 சதவீத கந்தக அமிலம் 9.95 மி.லி. சேர்த்தால் கலங்கல் அளவுகோல் தயார். 625 நானோமீட்டரில் அதன் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13 வரை காட்ட வேண்டும். கலக்கிய கிருமியை 15 நிமிடத்துக்குள் ஸ்வாப் செய்யுங்கள். ஈ. கோலை ஏடிசிசி 25922 என்ற தர ஒப்பீட்டு வகை இருந்தால் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் டிஸ்க் 19 முதல் 26 மி.மீ.க்குள் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் அன்றைய பிளேட் எதையும் எழுதாதீர்கள்.

அகர்பிளேட்

டிஎம்எஸ்ஓ ஜோனுக்குக் காரணம் எளிது. 6 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம் உள்ள குழியின் கொள்ளளவே 113 மைக்ரோலிட்டர். அதில் 100 விட்டால் விளிம்பு தட்டும், கொஞ்சம் அசைந்தால் வழியும். குழியை நோண்டி எடுக்கும்போது அகர் அடியில் தூக்கியிருந்தால் திரவம் பிளேட்டின் அடித்தளத்தில் ஓடி, வட்டம் ஒரு பக்கம் இழுத்த மாதிரி வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, 100 மைக்ரோலிட்டர் நீர்க்காத டிஎம்எஸ்ஓ அந்த இடத்துக் கிருமியைத் தானே அடக்கும். 22-லிருந்து 9-ஐக் கழித்து 13 என்று போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டின் விளைவும் கூட்டல் கழித்தலில் அடங்குவதில்லை.

டிஸ்க்குக்கு மாறுங்கள். வாட்மேன் தாளில் 6 மி.மீ. வில்லை வெட்டி ஸ்டெரைல் செய்து, எக்ஸ்ட்ராக்டை மெத்தனாலிலேயே கரைத்து 10 மைக்ரோலிட்டர் விட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு இன்னொரு 10 விடுங்கள். மெத்தனால் பறந்துவிடும். டிஎம்எஸ்ஓவின் கொதிநிலை 189 டிகிரி, அது தாளிலேயே தங்கிவிடும். மெத்தனால் மட்டும் விட்டுக் காய்த்த வில்லை ஒன்று ஒவ்வொரு பிளேட்டிலும் இருக்க வேண்டும்.

ஜென்டாமைசின் ஒப்பீட்டை எழுதவே எழுதாதீர்கள். டிஸ்க்கில் இருப்பது 10 மைக்ரோகிராம். உங்கள் குழியில் இருப்பது 10 மி.கி., ஆயிரம் மடங்கு. மேலும் ஜோன் அகலம் என்பது பொருள் அகரில் எவ்வளவு ஓடுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. ஓடாத பொருள் நல்ல மருந்தாக இருந்தாலும் சின்ன வட்டம்தான் தரும்.

ஊசிகளாவில் இன்னொன்று. அதன் பட்டையில் உள்ள பெர்பெரின் என்ற பொருள் மஞ்சள். அகரில் மஞ்சள் பரவிய இடமெல்லாம் ஜோன் மாதிரித் தோன்றும். பிளேட்டைக் கவிழ்த்துக் கறுப்புத் தாள் மேல் வைத்து, கிருமி வளர்ந்த விளிம்பை மட்டும் அளந்து பாருங்கள். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பார்த்தால் பெர்பெரின் மஞ்சள் பச்சையாக ஒளிரும், அது எதுவரை போயிருக்கிறது என்று தனியாகத் தெரியும். பல நேரம் ஒளிரும் வட்டம் 20 இருக்கும், கிருமி இல்லாத வட்டம் 13தான் இருக்கும்.

தொட்டபெட்டா_மைக்ரோ

மிக்க நன்றி. மெக்ஃபார்லேண்ட் வைக்கவில்லை, கண்ணால்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் திரும்பப் போடுகிறேன். அப்படியானால் எந்த எண்ணை முடிவாகக் கொடுப்பது? எங்கள் லேபில் பிளேட் ரீடர் (குழிகளின் கலங்கலை அளக்கும் கருவி) கிடையாது.

சோலைக்காடு

எம்ஐசி, அதாவது கிருமியை வளரவிடாத மிகக் குறைந்த அளவைக் கொடுங்கள் தம்பி. ரீடர் தேவையில்லை, கண்ணே போதும்.

டிஎம்எஸ்ஓவில் உள்ள 100 மி.கி. ஸ்டாக்கில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து முல்லர் ஹிண்டன் பிராத் (அகர் சேர்க்காத திரவ மீடியா) 980-ல் கலந்தால் மி.லி.க்கு 2 மி.கி. ஆகும். இங்கேயே வெள்ளையாகத் திரிந்து படிந்தால் எக்ஸ்ட்ராக்ட் கரையவில்லை என்று பொருள், அந்த அளவில் சோதிக்க வேண்டாம். 96 குழி பிளேட்டில் 2 முதல் 10 வரை பிராத் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். முதல் குழியில் கலவை 200. அதிலிருந்து 100 எடுத்து அடுத்ததில் கலக்கி, அப்படியே பத்தாவது வரை போய், கடைசி 100-ஐக் கொட்டிவிடுங்கள். பிறகு 0.5 மெக்ஃபார்லேண்ட் கிருமியில் 100 மைக்ரோலிட்டரை 14.9 மி.லி. பிராத்தில் கலந்தால் மி.லி.க்கு 10 லட்சம் கிருமி. அதை ஒன்று முதல் பத்து வரை எல்லாக் குழியிலும் 100 விட்டால் முடிவாக 5 லட்சம், முதல் குழியில் எக்ஸ்ட்ராக்ட் 1000 மைக்ரோகிராம், டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். பதினொன்றில் அதே 1 சதவீத டிஎம்எஸ்ஓவும் கிருமியும். பன்னிரண்டில் வெறும் பிராத். இதைத் தவிர, கிருமி இல்லாமல் எக்ஸ்ட்ராக்ட் மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம் வேண்டும்.

35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் கழித்து 0.015 சதவீத ரெசசுரின் சாயம் 30 மைக்ரோலிட்டர் விட்டு இரண்டு மணி நேரம் பாருங்கள். நீலம் நின்றால் வளரவில்லை, இளஞ்சிவப்பு என்றால் வளர்ந்தது. மூலிகையில் பாலிஃபினால் நிறைய இருந்தால் கிருமி இல்லாமலேயே அது ரெசசுரினைச் சிவக்க வைக்கும். அதற்குத்தான் அந்தத் தனி வரிசை. சந்தேகமாக இருந்தால் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகரில் சொட்டுங்கள். ஆரம்பத்தில் அதில் 5000 கிருமி இருந்திருக்கும். ஐந்து காலனிக்கு மேல் வராவிட்டால் 99.9 சதவீதம் செத்தது, அப்படி வரும் மிகக் குறைந்த அளவே எம்பிசி, அதாவது கிருமியைக் கொல்லும் அளவு. மூன்று தனித்தனி நாளில் போட்டு எழுதுங்கள். சுத்திகரிக்காத எக்ஸ்ட்ராக்டில் 100 மைக்ரோகிராமுக்குக் கீழ் வந்தால் கவனிக்கத்தக்கது, 1000-க்கு மேல் என்றால் பலவீனம் என்று பொதுவாக வைத்துக்கொள்வார்கள்.

ஈ. கோலை, சூடோமோனாஸில் ஒன்றும் வராதது உங்கள் பிழையில்லை. அவற்றுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, உள்ளே போனதையும் பம்ப் வெளியே தள்ளிவிடும். ஸ்டஃபைலோகாக்கஸிலும் நார்ஏ என்ற பம்ப் பெர்பெரினை வெளியேற்றுகிறது. அந்தப் பம்பை அடைக்கும் 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்ற பொருள் சில அமெரிக்க பெர்பெரிஸ் செடிகளின் இலையிலேயே இருப்பதை 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் நம் ஊசிகளாவின் இலை எக்ஸ்ட்ராக்டை வேர்ப்பட்டையோடு செக்கர்போர்டு முறையில் (இரண்டின் அளவையும் மாற்றி மாற்றிக் கலந்து) சேர்த்துப் பாருங்கள், எஃப்ஐசி கூட்டு (ஒவ்வொன்றும் சேர்ந்திருக்கும்போது உள்ள எம்ஐசியைத் தனி எம்ஐசியால் வகுத்துக் கூட்டியது) 0.5 அல்லது அதற்குக் கீழ் வந்தால் சேர்ந்து வேலை செய்கிறது. எனக்கு உங்கள் ப்ராஜெக்டில் மிகவும் ஆசையாக இருப்பது இதுதான்.

செடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோலை ஓரத்தில் மஹோனியாவும் நிற்கும், அதன் கட்டையும் மஞ்சள், அதிலும் பெர்பெரின் உண்டு. மஹோனியாவுக்கு ஒரு காம்பில் பல முள்ளிலை இறகு போல வரிசையாக இருக்கும். ஊசிகளாவுக்குத் தனி இலை, தண்டில் மூன்றாகப் பிரிந்த முள். பூவோடோ காயோடோ ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் அடையாளம் உறுதி செய்துகொள்ளுங்கள். வேரைத் தோண்டினால் புதரே போய்விடும், காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் தொடவும் கூடாது. தண்டுப்பட்டையிலும் பெர்பெரின் இருக்கிறது, கவாத்து வெட்டிய கிளையே போதும். மழைக்காலத்தில் நிழலில் உலர்த்த வேண்டாம், இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். 40 டிகிரி தட்டு உலர்த்தியில், எடை குறையாமல் நிற்கும்வரை வையுங்கள்.

முடிந்த பிளேட்டுகளைக் குப்பையில் போடும் முன் அதே 40 நிமிடக் கணக்கில் ஆட்டோக்ளேவ் செய்யுங்கள். பைக்குள் அடைத்த பிளேட்டுக்குள் ஆவி போக நேரமெடுக்கும், பை வாயை இறுக்கிக் கட்டாமல் இன்னும் 20 நிமிடம் கூட்டுங்கள்.