புதுப்பிப்பு: கல்லூரி நூலகர் எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?

கைக்காசு அதிகம் கரையாமல் எந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் விதியைப் பாரும்" என்ற அண்ணாச்சிக்குக் கூடுதலாக ஒன்று.

பார்த்தேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி கல்லூரி நூலகர் ஊதிய நிலை 10-லிருந்து 11-க்குப் பதவி உயர்வு பெற 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி ஒன்று வேண்டும். நூலகத் தானியக்கம், மின்னணுமயமாக்கம் பற்றிக் குறைந்தது 5 நாள் பயிற்சியோ பயிலரங்கோ தனியாக வேண்டும். ஒரு மணி நேர வெபினார் சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிப் பயனில்லை.

அப்புறம் பக்கத்துக் கல்லூரியில் நடந்த கோஹா (நூலக நிர்வாக மென்பொருள்) பயிலரங்குக்குப் போய் வந்தேன். முதல் நாள் பாதி பொன்னாடையிலேயே போயிற்று, அதை விடுங்கள். உருப்படியாகக் கிடைத்தது தமிழ் நூல்களின் பட்டியல் பதிவுகள் பற்றிய பாடம். பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்புகளை அப்படியே ஏற்றினால் திரையில் கிறுக்கலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும் மென்பொருளில் ஒற்றும் கொம்பும் இடம் மாறும், கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பிறகு அந்தத் தலைப்புகள் உள்ள எக்செல் கோப்பை மார்க்எடிட் என்ற மென்பொருளில் போட்டு, நூலக மென்பொருள்கள் படிக்கும் மார்க் வடிவப் பதிவாக்கி கோஹாவில் ஏற்றலாம். இதை எந்த வெபினாரிலும் செய்து காட்டியதில்லை.

அடுத்து டிஸ்பேஸ் (மின் ஆவணக் களஞ்சியம் அமைக்கும் மென்பொருள்) கற்க வேண்டும். அதற்குக் குஜராத் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் வரை போக ஆன் டூட்டி கிடைப்பது கஷ்டம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் கணினியில் உட்கார வைத்துச் சொல்லித்தரும் பயிற்சி இருந்தால் சொல்லுங்கள்.