தகரத்தில் மழை பலத்தால் அம்மாவின் நெஞ்சு படபடப்பது ஏன்? (லிம்பிக் தொகுதி, பரிவகக்கீழ் பற்றிய கேள்வி)

மாணவி, ஹப்புத்தளை

நான் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறேன். நான் இரண்டாம் தரத்தில் படித்த காலத்தில், எங்கள் லயத்துக்கு மேலிருந்த தேயிலை மலை அடைமழையில் சரிந்து கடைசி இரண்டு காம்பராக்களை மூடியது. அன்றிரவு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். இப்போது நாங்கள் வேறு இடத்தில், சமதரையில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் தகரத்தில் மழை பலக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு வாய் உலர்ந்து நெஞ்சு படபடக்கிறது. கையைப் பிடித்துப் பார்த்தால் விரல்கள் குளிர்ந்தும் உள்ளங்கை ஈரமாகவும் இருக்கின்றன. "இங்க மண் சரியாதுன்னு எனக்குத் தெரியும் பிள்ள, ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது" என்கிறார்.

என் குறிப்பிலோ மூளையின் பகுதிகளில் அமிக்டலா பயத்துக்கு, ஹிப்போகம்பஸ் ஞாபகத்துக்கு, பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) பசி, தாகம், வெப்பநிலைக்கு என்று தனித்தனியாக எழுதப்பட்டுள்ளது. இவை எங்கே சந்திக்கின்றன? உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரியதாகச் சொல்லப்படும் லிம்பிக் தொகுதியின் உறுப்புத்தானா பரிவகக்கீழ்?

உயிரியல் ஆசிரியர், பண்டாரவளை

மகள், இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "லிம்பஸ்" என்ற இலத்தீன் சொல்லுக்கு விளிம்பு என்று பொருள். மூளைத்தண்டின் மேல் முனையைச் சுற்றி வளையம்போல் அமைந்த மேற்பட்டைப் (மூளையின் வெளியடுக்கு) பகுதியை 1878இல் பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்கா அப்பெயரால் குறித்தார். 1937இல் அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் பேப்பஸ், ஹிப்போகம்பஸில் புறப்படும் நரம்பு நார்கள் வளைந்து சென்று பரிவகக்கீழின் பின்பக்கத்திலுள்ள முலையுருச் சிறுமேடுகளை அடைந்து, அங்கிருந்து புலச் செய்திகளைக் கடத்தும் ஏந்தி (தலமஸ்) வழியாக மேற்பட்டைக்குச் சென்று மீண்டும் ஹிப்போகம்பஸுக்கே திரும்புகின்றன என்று ஒரு சுற்றை விவரித்தார். "லிம்பிக் தொகுதி" என்ற பெயரை 1952இல் போல் மக்லீன் வழங்கினார். எல்லையை எங்கே போடுவது என்பதில் பாடநூல்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. சில பரிவகக்கீழை உள்ளே சேர்க்கின்றன, சில தொடர்புடைய உறுப்பாக மட்டும் காட்டுகின்றன. பேப்பஸின் சுற்றே அதனூடாகச் செல்வதால் நான் உள்ளே சேர்த்துத்தான் கற்பிக்கிறேன்.

மனிதனுக்குள் ஓர் "ஊர்வன மூளை" இருக்கிறது என்று பிரத்தியேக வகுப்புக் குறிப்புகளில் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். மூளை அப்படி அடுக்கு அடுக்காகப் பரிணமித்தது என்பதை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை.

இனி அம்மாவின் மழை. காதில் விழும் ஒலி மூளைத்தண்டைக் கடந்து ஏந்தியை அடைகிறது. அங்கிருந்து ஒரு பாதை கேள்விப் புலனுக்குரிய மேற்பட்டைக்குச் சென்று, "இது மழை, நாம் இருப்பது புது வீடு" என்று விரிவாக ஆராய இடம் தருகிறது. இன்னொரு குறுகிய பாதை நேரே அமிக்டலாவுக்குச் செல்வதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளையின் பொட்டுச் சோணையின் (காதுப்பக்கப் பகுதி) உட்புறத்தில் வாதுமைக் கொட்டை வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அமிக்டலா, மேற்பட்டை ஆராய்ந்து முடிக்கும்வரை காத்திருப்பதில்லை.

மருத்துவர், ஹட்டன்

ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அமிக்டலா தானாக இதயத்தை வேகப்படுத்துவதில்லை. அதன் செய்தியை உடலின் செயலாக மாற்றுவதில் பெரும்பங்கு பரிவகக்கீழுக்கு உண்டு. ஏறத்தாழ 1,300 கிராம் எடையுள்ள மூளையில் இது 4 கிராம் அளவுதான். பசி, தாகம், வெப்பநிலை என்று நீங்கள் மனனம் செய்த அதே உறுப்பு, ஆபத்தில் உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புத் தொகுதியைத் தூண்டும்போது தோலின் குருதிக்கலன்கள் சுருங்கி விரல்கள் குளிர்கின்றன. வியர்வைச் சுரப்பிகள் உள்ளங்கையை நனைக்கின்றன. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினல் சுரப்பியின் மையவிழையம் (உட்பகுதி) அதிரினலினைச் சுரக்கிறது. இவை சில நொடிகளில் நடப்பவை. இரண்டாவது வழி மெதுவானது. பரிவகக்கீழ் சுரக்கும் விடுவிப்பு ஓமோன் சிறு குருதிக்கலன்கள் வழியே மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் முற்பக்கத்தை அடைய, அது வேறோர் ஓமோனைக் குருதியில் விட, அதிரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கிறது.

"தெரியும், ஆனாலும் ஒடம்பு கேக்க மாட்டேங்குது" என்ற அம்மாவின் சொல் மிகச் சரியானது. தெரிந்து சொல்லும் நினைவுக்கு ஹிப்போகம்பஸ் வேண்டும். பயத்தின் நினைவு அமிக்டலாவில் பதிகிறது. பாதுகாப்பாகக் கழியும் மழைகள் அந்தப் பழைய பதிவை அழிப்பதில்லை. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்நுதல் மேற்பட்டையின் உதவியுடன் அதை அடக்கிவைக்கும் புதிய கற்றல் ஒன்று உருவாகிறது. அது தானாக உருவாகாதபோது பயிற்சி பெற்றவரின் துணை தேவை. ஆகையால், மழைக்காலத்தில் அம்மா உறக்கம் இழந்தால் ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். தைரியம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர், பதுளை

பிள்ளை மடுவத்தில் குழந்தை அழும் சத்தம் காதில் விழுந்ததுமே, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் தாய்க்கு ரவிக்கை நனைந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கும் ஒலிதான் பரிவகக்கீழை எட்டுகிறது. அதன் நரம்புக்கலங்கள் உண்டாக்கும், பாலை இறங்கச் செய்யும் ஒட்சிற்றோசின் என்ற ஓமோன் பிற்பக்கக் கபச்சுரப்பியில் சேமிக்கப்பட்டு, அந்த நேரத்தில் குருதியில் விடப்படுகிறது. பயமும் களைப்பும் மிகுந்த தாய்க்குப் பால் இறங்கத் தாமதிப்பதும் இதே உறுப்பின் வழியாகத்தான்.

மாணவி, ஹப்புத்தளை

மிக்க நன்றி. நேற்றிரவு மழை பிடித்தபோது அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். முதலில் நிமிடத்துக்கு 112. கதைத்துக்கொண்டே தேநீர் குடித்த பின் 84. ஆனால் மழை விட்ட பிறகும் வெகுநேரம் உறக்கம் வரவில்லை. நாடி இறங்கிய பிறகும் உடல் விழித்திருப்பது ஏன்?

மருத்துவர், ஹட்டன்

அதிரினலின் குருதியிலிருந்து சில நிமிடங்களில் அகன்றுவிடும்; கோட்டிசோல் மெதுவாக உயர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கும். அதன் அளவை ஹிப்போகம்பஸும் பரிவகக்கீழும் உணர்ந்து, விடுவிப்பு ஓமோனைக் குறைத்த பின்னரே சுரப்பு தணிகிறது. அத்துடன் அவர் குடித்த தேநீரிலுள்ள கஃபீனும் உறக்கத்தைத் தள்ளிப்போட்டிருக்கும். அடுத்த முறை வெந்நீரோ பாலோ கொடுத்துப் பாருங்கள்.