குழந்தை தள்ளிப் போவதற்கு மன அழுத்தம்தான் காரணமா?

கானாடுகாத்தான் மருமகள்:
போன வாரம் இங்கே ஒருவர், "நாலு வருஷமாகியும் குழந்தை இல்லையென்றால் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு மனசை லேசாக வைத்துக்கொள்ளட்டும், கரு தானாகத் தங்கும்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் செட்டிநாட்டில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க, அதாவது மாவில் திரி இழை வைத்து ஏற்றி அதை வாயில் போட்டுக்கொள்ள, வளவில் (குடும்பத்தின் பொது வீட்டில்) எல்லோரும் கூடுகிறோம். இழை எடுத்து வாயை மூடுவதற்குள் "என்ன ஆத்தா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று நாலு பேர் கேட்டுவிடுகிறார்கள். இல்லை என்றால், "நீ ரொம்ப யோசிக்கிறாய், அதான் தங்கவில்லை" என்று பழியையும் நம் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 3,583 பெண்கள். சோதனைக் குழாய் சிகிச்சைக்கு முன்னால் இருந்த மன உளைச்சலுக்கும் கரு தங்கியதற்கும் தொடர்பே தெரியவில்லை.

ராஸ்தாக்காரன்:
தங்கச்சி, அது சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றியது. அங்கே ஊசி போட்டு முட்டையை வளர்க்கிறார்கள், உடம்பின் சொந்த வேலையில் பாதியை மருந்தே செய்துவிடுகிறது. வீட்டில் இயல்பாக முயற்சி செய்கிறவர்கள் கதை வேறு. 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வில், டெக்சாஸ், மிச்சிகன் மாநிலங்களில் 501 தம்பதிகளைப் பின்தொடர்ந்தார்கள். எச்சிலில் ஆல்பா அமைலேஸ் என்ற அழுத்தக் குறியீடு அதிகமாக இருந்த பெண்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிட மாதாமாதம் கரு தங்கும் வாய்ப்பு 29% குறைவு. ஒரு வருஷம் தாண்டியும் தங்காமல் போகும் அபாயம் இரண்டு மடங்கு.

என் கொழுந்தியாள் சென்னையில் இரவு ஷிப்ட் பார்த்தாள். சாப்பாடு ஒழுங்கில்லை, எடை இறங்கியது, மாதவிலக்கே நின்றுபோனது. மூளையில் ஹைப்போதலாமஸ் கொடுக்க வேண்டிய சமிக்ஞை குறைந்தால் முட்டை வெளிவராது என்று டாக்டர் விளக்கினார். ஷிப்டை மாற்றி, நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறியதும் மாதவிலக்கு திரும்பியது. இதையும் பொய் என்பீர்களா?

கானாடுகாத்தான் மருமகள்:
பொய் என்று சொல்லவே மாட்டேன் அண்ணே. ஆனால் மாதவிலக்கு நின்றது கண்ணுக்குத் தெரிந்தது, டாக்டரிடம் போனீர்கள், காரணமும் தெரிந்தது. மாதாமாதம் ஒழுங்காக வருகிறவளிடமும் அதே பேச்சைப் பேசுகிறார்களே, அதுதான் என் சண்டை. நீங்கள் சொன்ன அதே ஆய்வில் கார்டிசால் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோனையும் அளந்தார்கள். அதில் தொடர்பு ஒன்றும் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்காவை வருஷக்கணக்கில் "மனசை அலட்டிக்காதே" என்றே சொல்லி வைத்திருந்தார்கள். கடைசியில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு கருக்குழாயும் அடைப்பு. எப்போதோ வந்த காசநோய் கர்ப்பப்பை வரை போயிருந்திருக்கிறது. நம் நாட்டில் அது அபூர்வமான காரணம் இல்லை. மனசை லேசாக்கினால் அடைப்பு திறக்குமா? அதற்குள் அவருக்கு 37 வயது. ஒரு வருஷம் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும், 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே.

மாத்தூர் ஆச்சி:
நீங்கள் இரண்டு பேரும் ஆய்வைப் பேசுகிறீர்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்து எடுத்தார்கள். மறு வருஷமே சொந்தப் பிள்ளை பிறந்தது. கவலை விட்டதால்தானே?

கானாடுகாத்தான் மருமகள்:
ஆச்சி, பிள்ளை கூட்டியபின் சொந்தப் பிள்ளை பிறக்காத வீடு நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது? அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. கூட்டாத தம்பதிகளிலும் சிலருக்குத் தாமதமாகப் பிறக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. இங்கே பாதி வீட்டில் மாப்பிள்ளை சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். கரு தங்க வாய்ப்புள்ளது மாதத்தில் ஆறு நாள்தான், முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். அவர் வருகிற வாரம் அதில் விழவே இல்லையென்றால் பெண் என்ன செய்வாள்? குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனாலும் பரிசோதனைக்கு முதலில் போவது பெண்தான்.

ராஸ்தாக்காரன்:
மாப்பிள்ளை விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அழுத்தத்தை ஒதுக்கிவிட முடியாது. அழுத்தம் ஏறினால் சிகரெட், குடி கூடுகிறது, தம்பதிக்குள் நெருக்கம் குறைகிறது. பாதியில் சிகிச்சையை விட்டுவிடுகிறவர்கள் பலர் பணத்தால் மட்டும் விடவில்லை, மனசு தாங்காமல்தான் விடுகிறார்கள். அவர்களுக்கு ஆலோசனை வேண்டும். "அழுத்தம் காரணமே இல்லை" என்று எழுதினால் அந்த உதவியும் கிடைக்காமல் போகும்.

கானாடுகாத்தான் மருமகள்:
உதவி கொடுங்கள் அண்ணே, தாராளமாக. கஷ்டப்படுகிறாள் என்பதற்காகக் கொடுங்கள். கரு தங்குவதற்கு விலையாக அவளைச் சிரித்த முகமாக இருக்கச் சொல்லாதீர்கள்.

மாத்தூர் ஆச்சி:
சரி ஆத்தா, இதைச் சொல். என் பேரன் தைக்கு ஊருக்கு வருகிறான். வந்ததும் பரிசோதனை எடுத்தால் போதுமா, அங்கேயே எடுக்கச் சொல்லவா?

கானாடுகாத்தான் மருமகள்:
அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள் ஆச்சி. விந்து வெளியேறி இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக வந்தாலும் ஒரு தடவையோடு முடிவு கட்டக் கூடாது, மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், மறு பரிசோதனைக்கு அந்த இடைவெளி தேவைப்படலாம். அதனால் இப்போதே எடுத்தால்தான் தைக்குள் விவரம் தெரியும்.