காவிப் பல்லும் நான் பார்த்த மூன்று மருத்துவர்களும்

பல்லைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்று தருமபுரி மாவட்டத்துக்காரர்களைக் கேலி செய்வதுண்டு. என் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் குறுக்கே பழுப்புப் பட்டைகளும், அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியதுபோன்ற வெண்திட்டுகளும் இருந்தன. சாம்பல், உப்பு, அடுப்புக்கரி என்று வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அதைக் கொண்டு தேய்த்தேன். எலுமிச்சைச் சாற்றைத் தடவிய ஒரு மாதத்தில் கிடைத்ததெல்லாம் பல் கூச்சம்தான். கல்லூரி விடுதியில் நான் புகையிலை போடுகிறேன் என்றே பலர் நம்பியிருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு முதலில் பார்த்த மருத்துவர், கிளீனிங் செய்தால் போய்விடும் என்றார். பல்லில் படிந்து இறுகியிருந்த காறை போயிற்று, கறை அப்படியே நின்றது. இரண்டாவது மருத்துவர் பத்துப் பற்களைச் சுற்றிலும் ராவி, செராமிக் கேப் போட்டுவிடலாம் என்று கண்ணாடியைக் காட்டிப் பேசினார். நான் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன். “ராவின பல்லு திரும்ப வளராதுடா, இன்னொரு இடத்துலயும் கேட்டுட்டு முடிவு பண்ணு” என்று அக்கா தடுத்திருக்காவிட்டால், கறையைத் தவிர வேறு குறையே இல்லாத பற்களை முப்பது வயதுக்குள் இழந்திருப்பேன்.

மூன்றாவதாகப் போனது ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு. எட்டு வயது வரை எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தீர்கள் என்பதுதான் அங்கிருந்த பேராசிரியரின் முதல் கேள்வி. அதற்கு முன் யாரும் அதைக் கேட்டதில்லை. எங்கள் தெருவுக்கே ஒரே ஆழ்துளைக் கிணறுதான் என்றேன். அந்தத் தண்ணீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு என்ற உப்புதான் கறைக்குக் காரணம் என்றார். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை, ஈறுக்குள் எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் தொடர்ந்து குடித்தால், எனாமல் முழுமையாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைத்த பிறகு நிறமிகள் அந்தத் துளைகளில் இறங்கிப் பழுப்பாகின்றன. கறை மேலே படிந்ததன்று, உள்ளே ஊறியது என்று அவர் சொன்னபோதுதான், நான் கரி தேய்த்த வருடங்களின் அபத்தம் விளங்கியது. (அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் இதே கறையை 1901-இல் கவனித்து, காரணம் ஃபுளோரைடு என்று தெரிய 1931 வரை ஆயிற்றாம். முப்பது வருடம் அவர்களும் குழம்பினார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.)

குறைவாகப் பல்லை இழக்கும் முறையிலிருந்து தொடங்குவோம் என்றார் பேராசிரியர். முதலில் மைக்ரோ அப்ரேஷன். ஈறில் படாதபடி ரப்பர் விரிப்பை மாட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உராய்பொடியும் கலந்த பசையால் மேற்பரப்பை மட்டும் மெதுவாகத் தேய்த்தார்கள். வலி இல்லை, பழுப்பு பாதிக்கு மேல் இறங்கியது. பிறகு என் பல்வரிசைக்கு அளவெடுத்து ஒரு மெல்லிய டிரே செய்து, பல்லை வெளுக்கும் (ப்ளீச்சிங்) 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை அதில் வைத்து இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முதல் வாரம் கலங்கிவிட்டேன். பழுப்பு வெளுத்ததைவிட வெண்திட்டுகள் இன்னும் பளீரென்று தெரிந்தன. பல் ஈரம் இழப்பதால் அப்படித் தோன்றும், சில நாட்களில் அடங்கும் என்று முன்பே எச்சரித்திருந்ததால் நிறுத்தவில்லை. கூச்சம் அதிகமானபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, கூச்சத்தைக் குறைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைப் பயன்படுத்தினேன். ஒரு பல்லில் இருந்த சிறு குழியை, ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் கழித்தே காம்போசிட்டால் (பல் நிறத்திலான அடைப்புப் பொருள்) நிரப்பினார்கள். உடனே வைத்தால் சரியாக ஒட்டாது, நிறமும் பொருந்தாது என்றார்கள்.

எல்லோருக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். சித்தி மகனுக்கு எனாமலே பெயர்ந்து குழிகுழியாக இருந்ததால் ஆறு பற்களுக்குப் பீங்கான் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) வைக்க வேண்டியதாயிற்று. பார்க்க என் பற்களைவிட அழகாகவே இருக்கின்றன. ஆனால் கரும்பைக் கடித்ததில் ஒன்று உடைந்து, மறுபடி செலவு செய்தான். நண்பன் ஒருவனுக்குக் கிரிக்கெட் பந்து பட்டு ஒரே ஒரு பல் கருத்திருந்தது. அதற்கு வேர் சிகிச்சை செய்து, உள்ளிருந்தே வெளுக்க வைத்தார்கள். கறை என்று ஒரே பெயர் சொன்னாலும் வழிகள் வேறு வேறு.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் எங்கள் வீட்டில் சோறு வடிப்பதற்குப் போர்த் தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது என்று பேராசிரியர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அவள் மகளுக்கு அப்போது மூன்று வயது, அன்றே குடத்தை மாற்றிவிட்டாள். எனக்குச் சிகிச்சை முடிந்து இது நான்காவது வருடம். நிறம் சற்று மங்கியதால் போன பொங்கலுக்கு முன், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அதே டிரேயை மூன்று இரவுகள் போட்டேன்.