பாடசாலையிலேயே கட்டண வகுப்பு வைக்கலாமா? இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியில் மூவரின் பேச்சு

மஸ்கெலியாத் தந்தை:
ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்ட பிறகு கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கட்டண வகுப்பு நடத்தலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். நான் சம்மதித்துக் கையைத் தூக்கினேன். பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகள் டியூஷனுக்கு டவுன் போகிறாள். கடைசி பஸ்ஸில் இறங்கினால் தேயிலை மலைக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடை. சிறுத்தை திரியும் பாதை. மழைக்காலத்தில் டோர்ச் லைட்டோடு முடக்கில் காத்து நிற்கும் எனக்குத்தான் அந்த அரைமணி நேரம் தெரியும். அதே பாடத்தைத் தன் பாடசாலையில் படித்தால் என்ன குறை?

பொகவந்தலாவைப் பழைய மாணவி:
அண்ணன், அப்படியொரு பாதையில் நானும் நடந்தவள். ஆனாலும் இதை ஒப்ப மாட்டேன். பாடத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று வையுங்கள். மூன்று பாடம், இரண்டு பிள்ளைகள் என்றால் 3,000. 2024இல் கூட்டியபோதும் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய்தான் ஆனது. பறிக்கும் கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்.

நான் படித்த பாடசாலையில் இப்படியொரு வகுப்பு நடந்தது. மணி அடித்ததும் பணம் கட்டியவர்கள் முன் வாங்குக்கு நகர்வார்கள். கட்டாத ஆறு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவோம். கரும்பலகையில் கணக்கு பாதியில் நிற்கும். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே நின்று மீதியைக் கொப்பியில் எழுதினேன். ஆசிரியர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினார்.

ஹட்டன் ஆசிரியை:
தங்கச்சி, அது பெரும் பாவம். அவரை வைத்து எங்கள் எல்லோரையும் அளந்துவிடாதீர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் இடாப்புக் கூப்பிட்டு, நேற்றைய கணக்கைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடுகிறது. மூன்றரை வரை நின்றால் என் பஸ் போய்விடும். ஆட்டோவுக்குக் கைக்காசு கொடுக்க வேண்டும். எனக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

பொகவந்தலாவைப் பழைய மாணவி:
டீச்சர், உங்கள் உழைப்புக்குக் காசு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பிள்ளையின் கையால் வரக் கூடாது என்கிறேன். 1945இல் வந்த இலவசக் கல்வி, தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்ற பிறகுதான் நம் லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒழுங்காக எட்டியது. அதையும் ஒன்றரை மணியோடு நிறுத்துவதா? தம் பாடசாலைப் பிள்ளைகளிடமே ஆசிரியர்கள் கட்டணம் வாங்கி வகுப்பெடுக்கக் கூடாதென்று 2023இல் மேல் மாகாணத்தில் சுற்றறிக்கை விட்டார்கள். காசு வரும் வகுப்பு பின்னேரம் இருந்தால் காலைப் பாடம் மெலியும் என்ற பயம் எனக்கு மட்டும் இல்லை.

மஸ்கெலியாத் தந்தை:
கோயில் திருவிழாவுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதுபோல் எல்லா வீட்டிலும் கொஞ்சம் பிடித்து டீச்சருக்குக் கொடுத்தால் என்ன? எல்லாப் பிள்ளைகளும் உட்காரலாம்.

ஹட்டன் ஆசிரியை:
யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற பட்டியல் என் கைக்கு வராவிட்டால் திங்களும் வியாழனும் நான் நிற்கிறேன்.

பொகவந்தலாவைப் பழைய மாணவி:
சம்பளத்தில் பிடித்தால் அதுவும் கட்டணம்தான், அண்ணன். லயத்து வீடுகளைத் தொடாதீர்கள். கொழும்பில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களிடம் முதலில் கேளுங்கள். டீச்சரின் இரண்டு நாள் ஆட்டோக் காசை மாதாமாதம் நான் தருகிறேன்.

மஸ்கெலியாத் தந்தை:
அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்கிறேன், தங்கச்சி. அதுவரை மகள் டவுனுக்குத்தான் போவாள். டிசம்பரில் அவளுக்குத் தவணைப் பரீட்சை.