வெதர் ரேடியோவில் குரல் வருகிறது, டெஸ்ட் அலர்ட் மட்டும் வரவில்லை

கேள்வி:
இடம் பிளேனோ, டெக்ஸஸ் (காலின் கவுண்டி). மேசை வெதர் ரேடியோவில் (வானிலை எச்சரிக்கைக்கென்றே உள்ள ரேடியோ) ஏழு சேனலையும் ஓட்டிப் பார்த்து, சத்தம் தெளிவாக இருப்பதை வைத்திருக்கிறேன். கவுண்டி (மாவட்டம் மாதிரி) கோடு போட்டால், வாராவாரம் புதன்கிழமை வரும் டெஸ்ட் அலர்ட் வருவதே இல்லை. 'செக் ரிசப்ஷன்' என்று காட்டுகிறது. எல்லா கவுண்டி அலர்ட்டையும் எடுக்கும் 'எனி' மோடில் வைத்தால் எங்கெங்கோ உள்ள கவுண்டிக்கெல்லாம் நடுராத்திரியில் அலறுகிறது. எதை மாற்றணும்?

பதில் 1:
'எனி'யில் அலறுகிறது என்றால் ரேடியோவில் கோளாறு இல்லை. கோடு தப்பு, இல்லாவிட்டால் சேனல் தப்பு.

கோடு ஆறு இலக்கம். முதல் 0 முழு கவுண்டிக்கு, 48 டெக்ஸஸ், 085 காலின். ஆக 048085. பலர் முன்னால் உள்ள 0-ஐ விட்டுவிட்டு 480850 என்று அடித்துவிடுவார்கள். அப்படி ஓர் இடமே கிடையாது, ரேடியோ பேசாமல் காத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சேனல். சத்தம் பலமாக வரும் நிலையம் உங்கள் கவுண்டிக்கு அலர்ட் அனுப்பும் நிலையமாக இருக்கணும் என்று இல்லை. தேசிய வானிலை சேவையின் தளத்தில் கவுண்டி வாரியாக நிலையமும் அலைவரிசையும் இருக்கும் (எல்லாமே 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸுக்குள்). அதில் உள்ளதையே வையுங்கள்.

மோடை 'மல்டிப்பிள்' (பல கவுண்டி) ஆக்கி, மேற்கே பக்கத்தில் உள்ள டென்டன் கவுண்டியையும் (048121) சேருங்கள். உங்கள் பக்கம் புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும், முன்கூட்டியே தெரியும்.

கேட்டவர்:
நன்றிங்க. கடைசியில் 0 போட்டதுதான் தப்பு. பட்டியலில் உள்ள சேனலுக்கு மாற்றினால் கொஞ்சம் கரகரப்பு. பரவாயில்லையா?

பதில் 2:
காதுக்குப் பரவாயில்லை, அலர்ட்டுக்குப் போதாது. குரலுக்கு முன்னால் 'க்ரீச்' என்று மூன்று முறை வருகிறதே, அதில்தான் கோடு இருக்கிறது. மூன்றில் குறைந்தது இரண்டு ஒன்றோடொன்று பொருந்தணும். கரகரப்பு கூடினால் ரேடியோ அதை ஒதுக்கிவிடும்.

ஆன்டெனாவை முழுசா இழுத்து நேராக நிமிர்த்துங்கள். இந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளம் சுமார் 45 செ.மீ. நிலையம் இருக்கும் திசை ஜன்னலோரம் வையுங்கள். வைஃபை ரூட்டர், போன் சார்ஜர், எல்இடி விளக்கு பக்கத்தில் வேண்டாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது இரைச்சல் கிளப்புகிறது என்று தெரிந்துவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால், பின்பக்கம் வெளி ஆன்டெனா ஜாக் இருக்கிறதா பாருங்கள்.

பேட்டரி போட மறக்காதீர்கள். புயலில் முதலில் போவது கரண்ட்தான். ஆல்கலைன் போட்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். பழசு கசிந்தால் உள்ளே ஸ்பிரிங் அரித்துப்போகும்.

பதில் 3:
தூக்கம் கெடுகிறதே என்று ரேடியோவையே அணைத்துவிடாதீர்கள், ப்ளீஸ். மெனுவில் 'வாட்ச்' (ஆபத்து வரலாம்) வகைகளை மட்டும் அணைக்கலாம். 'வார்னிங்' (ஆபத்து வந்துவிட்டது) எல்லாம் இருக்கட்டும். டொர்னாடோ (சுழல்காற்று) வார்னிங்கைப் பெரும்பாலான மாடல்களில் அணைக்கவே முடியாது, அது நல்லதுக்குத்தான்.

வார டெஸ்டுக்குச் சைரன் அடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல மாடல்களில் விளக்கும் எழுத்தும் மட்டும்தான். அன்றைக்கு வானிலை மோசமாக இருந்தால் டெஸ்டையே தவிர்த்துவிடுவார்கள். ஒரு வாரம் வராததை வைத்து எதையும் மாற்ற வேண்டாம்.

இன்னொன்று: 2007-லிருந்து வார்னிங்கை வரைபடத்தில் பலகோணமாக வரைந்துதான் வெளியிடுகிறார்கள். ரேடியோவோ கவுண்டி முழுக்க அடிக்கும். சைரனை நிறுத்திய கையோடு அணைக்காமல், குரலில் வரும் ஊர்ப் பெயர்களையும் முடியும் நேரத்தையும் கேளுங்கள். பிளேனோ பெயர் வந்தால் ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விடுங்கள்.