ஏலகிரி ஏற்றத்தில் ஏஎம்டி கார் கியரை மாற்றி மாற்றித் தவிக்கிறது, கோளாறா?

சத்துவாச்சாரி_வாசி:
போன ஞாயிறு ஏலகிரி போனோம். ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசி வேறு. எட்டு மாதமான ஏஎம்டி கார், கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றுகிற வகை. பொன்னேரி வரை ஒரு குறையும் இல்லை, மலையில் கால் வைத்ததும்தான் வினை. கொண்டை ஊசி வளைவுக்காகக் காலை எடுத்தால் மூன்றாவது கியருக்குப் போய்விடுகிறது, திரும்பி மிதித்தால் ஒரு நொடி இழுவையே இல்லை, அப்புறம் திடீரென்று இரண்டுக்கு இறங்கி உறுமிக்கொண்டு பாய்கிறது. 14 வளைவிலும் இதே கதை. நடுவில் மேலிருந்து பஸ் வர, நிறுத்தி எடுத்தபோது ஒரு முழம் பின்னால் உருண்டுவிட்டது, பைக்கில் வந்தவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்மா அதற்கப்புறம் மேலே போகும்வரை முருகா முருகாதான். சர்வீஸில் கேட்டால் "அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள். கியர்பாக்ஸ் கோளாறா, எனக்கு ஓட்டத் தெரியவில்லையா?

ஜோலார்பேட்டை_பழசு:
ரெண்டும் இல்லை தம்பி. ஏஎம்டி உள்ளே இருப்பது நம்ம பழைய கியர்பாக்ஸேதான், கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் கம்ப்யூட்டர் பார்க்கிறது. எதிரே வளைவு இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் காலை எடுத்ததும் பாரம் குறைந்துவிட்டது என்று நினைத்து மேல் கியர் போடுகிறது. மறுபடி மிதித்தால் கிளட்ச் பிரிந்து, கியர் மாறி, சேரணும். அந்த ஒரு நொடிதான் உங்களைப் படுத்தியது.

வளைவுக்கு முன்பே லிவரை எம் (நாமே கியர் மாற்றுகிற மேனுவல்) பக்கம் தள்ளி இரண்டில் வைத்துவிடுங்கள், ரொம்ப ஒடுக்கமான வளைவுக்கு ஒன்று. வேகம் ரொம்பக் குறைந்தால் அதுவே இறக்கிக்கொள்ளும், என்ஜின் அணையாது. நின்று எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, லேசாக மிதித்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்த பிறகு விடுங்கள். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மட்டும் மிதித்து வண்டியைத் தாங்கி நிற்கவே கூடாது, கிளட்ச் பாதி ஒட்டியபடி தேய்ந்து கருகும். கருகின வாடை வந்தால் சமமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவன் வழிவிடணும் என்பது விதி, ஆனால் அதைப் பஸ்காரரிடம் போய் யார் சொல்வது?

வாணியம்பாடி_007:
ஏசியை அணைங்க, பாதிப் பிரச்சினை தீரும்.

ஜோலார்பேட்டை_பழசு:
பாதியெல்லாம் தீராது. சின்ன என்ஜினுக்குக் கொஞ்சம் தெம்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆம்பூர்_ஸ்டியரிங்:
என்னுடையது சிவிடி, படிப்படியான கியரே இல்லாத ஆட்டோமேட்டிக். உள்ளே ஓடுவது பெல்ட் என்பதால் இந்தக் குலுக்கல் கிடையாது, ஆனால் மிதித்தால் முதலில் சத்தம் வரும், வேகம் சாவகாசமாகப் பின்னால் வரும். டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுக்கிற ஆட்டோமேட்டிக்) வண்டிதான் மலைக்குச் சுகம், விலையும் மைலேஜும்தான் இடிக்கும். யாரும் இறக்கத்தைப் பற்றிப் பேசவில்லையே? டி-யிலேயே (தானே கியர் மாறுகிற டிரைவ்) விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய அதே இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், நான் என் வண்டியை எல்-லில் (லோ) போட்டு இறங்குவேன்.

சத்துவாச்சாரி_வாசி:
நன்றி அண்ணா. நேற்று ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய்ப் பார்த்தேன், எம்-மில் இரண்டு, தவிப்பே இல்லை. இறங்கும்போதும் பிரேக்கை அதிகம் தொடவில்லை. ஆனால் ஆலங்காயம் தாண்டியும் எம்-மிலேயே இருப்பதை மறந்து, ஏன் இப்படிக் கத்துகிறது என்று ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை.